ஒத்திகை மூட்டை

தைத்த சட்டை சரியாக அமையவில்லை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், வெட்டியதில் கோளாறா, தைத்ததில் கோளாறா என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன். இத்தனை வருஷம் மெஷின் மிதித்ததற்கு அந்தக் கெட்டிக்காரத்தனமாவது இல்லாவிட்டால் எப்படி? ஆனால் கீழ்த்தெருவில் அன்று நடந்ததை மட்டும் எத்தனை தடவை பிரித்துப் போட்டுப் பார்த்தாலும், எந்த இடத்தில் தையல் விட்டது என்று எனக்குப் பிடிபடுவதில்லை. யாரையாவது நன்றாகத் திட்டினால் மனசு ஆறும். யாரைத் திட்டுவது என்று தெரிந்தால்தானே.

என் கடைக்கு நேர் எதிரே பேக்கரி. முன்னால் கடை, நடுவில் அடுப்பு, பின்னால் இரண்டு அறைகள். பேக்கரிக்காரர், அவர் மனைவி டீச்சர், ஏழாவது படிக்கிற ஒரே பெண், பேக்கரிக்காரரின் அக்கா என்று நான்கு பேர் உள்ள வீடு. அக்கா ஒரு காலத்தில் கல்லாவில் உட்கார்ந்து கடையையே ஆட்டிவைத்தவர். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து நடமாட்டம் கிடையாது. கடையை ஒட்டி, தெருவைப் பார்த்தாற்போல் உள்ள சின்ன அறையில், ஜன்னலோரமாகக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். கேக் அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்குவது, திராட்சையில் காம்பு கிள்ளுவது அவர் வேலை. தெருவில் போகிற வருகிறவர்களை ஒரு வழி பண்ணுவது அதற்கு மேல் உள்ள வேலை. நான் கடை திறக்கக் கொஞ்சம் தாமதமானால், "டெய்லர், இன்னிக்கு ராத்திரியே வந்துட்டீங்களா?" என்று குரல் வரும். பதிலுக்குப் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆறு. தெருக்கோடியில் படியேறினால் மேட்டில் மாடிப் பள்ளிக்கூடம். டீச்சர் அங்கே அறிவியல் எடுத்தார். பாடப்புத்தகத்தில் இயற்கைப் பேரிடர்கள் என்று ஒரு பாடம் வருமாம். மற்றவர்களாக இருந்தால் கேள்வி பதிலை எழுதிப்போட்டு முடித்துவிடுவார்கள். டீச்சர் பிடித்தால் உடும்புப் பிடி. நிலநடுக்கத்துக்கு மேஜையைப் போட்டு ஆட்டினார். புயலுக்குக் காற்றாடி. வெள்ளத்துக்கு ஆளுக்கொரு மாதிரி செய்துவரச் சொன்னார். அவர் பெண்ணோ அப்பாவின் பெரிய பன் தட்டையும் பிசைந்த மாவையும் தூக்கிக்கொண்டு போய் அத்தையின் கட்டிலில் கடை விரித்துவிட்டாள். பன் வாங்கப் போன நானும் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் மாவு குடுங்க. மலைக்குப் பத்தல."

"மலை கட்டவா விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் பிசைஞ்சேன்? உன் மலையை எவன் வாங்குவான்?"

"குடேன்டா," என்றார் அக்கா. "உன் பன்னை விட அது நல்லாத்தான் உப்பும்."

பெண் மலையைக் கட்டினாள். ஆற்றுக்கு விரலால் கோடு கிழித்தாள். கோட்டின் ஓரத்தில் ரஸ்க் தூளைக் கொட்டி, அதுதான் நம் தெரு என்றாள். பிறகு மலை உச்சியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினாள்.

"பாத்தீங்களா அத்தை? நம்ம ஊர்ல சொட்டு மழை இல்ல. வெயில் அடிக்குது. ஆனா மேல பெஞ்ச தண்ணி வந்துருச்சு."

"வந்தது சரி. நம்ம வீடு எங்கடி?"

"இங்கதான் இருந்துச்சு."

"கரைஞ்சு போச்சேடி பாவி! உங்கப்பன் இன்னும் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டிருக்கான், யாராவது சொல்லுங்க!"

"அதுக்குத்தான் அத்தை கருவி வெக்கப் போறோம்."

சொன்னபடியே வைத்தார்கள். பாலத்தூணில் ஒரு சின்னப் பெட்டி. அது கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்து ஒலி அனுப்புமாம். ஒலி திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு டீச்சர் போனுக்குச் சொல்லுமாம். மஞ்சள் கோட்டைத் தாண்டினால் போனில் செய்தி. சிவப்பைத் தாண்டினால் பள்ளிக்கூட மாடியில் சைரன். பிள்ளைகளே ஒயரெல்லாம் பற்றவைத்துச் செய்தார்கள். பெட்டி நனையாமல் இருக்கக் குடைத்துணியில் உறை தைத்துக் கொடுத்தது நான். டீச்சர் பொறுப்போடு கேட்டுக்கொண்டபோது எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

முதல் தடவை சைரன் ஊதியபோது பாதித் தெரு அலறி அடித்துக்கொண்டு ஓடியது. போய்ப் பார்த்தால், யாரோ துவைத்துக் காயப்போட்ட போர்வை பறந்துபோய்ப் பெட்டிக்குக் கீழே மாட்டிக்கொண்டு தொங்குகிறது. அதில் பட்டுத் திரும்பிய ஒலியைத் தண்ணீர் ஏறிவிட்டது என்று பெட்டி கணக்குப் போட்டுவிட்டது. அவ்வளவுதான், டீச்சரைக் கண்டால் போதும், "டீச்சர், போர்வை நனைச்சிருக்கேன், சைரன் ஊதாம பாத்துக்குங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே போவார். உள்ளே குமுறுவது முகத்தில் தெரியும். அதற்குப் பிறகு தெருவோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஒத்திகை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் எல்லாரும் ஒழுங்காகப் படியேறிப் பள்ளிக்கூட மாடிக்கு வருவார்கள்.

நடக்க முடியாதவர்களைத் தூக்கிப் போவதும் ஒத்திகையில் உண்டு. தெருவில் அப்படி இருந்தவர் அக்கா ஒருவர்தான். கித்தான் துணியில் இரட்டைத் தையல் போட்டு, இரண்டு பக்கமும் கழி செருகுகிற மாதிரி தூக்குப்படுக்கை தைத்துக் கொடுத்தேன். அக்கா அதை ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு பேர் என்னைத் தூக்குற நாள் அதுவா வரும். நீங்க யாரும் அவசரப்பட வேணாம்."

"அண்ணி, ஒரே ஒரு தடவை," என்று டீச்சர் கெஞ்சினார். "எவ்வளவு கனம் இருக்கும்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா?"

"என் கனத்தை ஊருக்கெல்லாம் காட்டணுமாக்கும்! போம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. கல்லாவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த மனுஷி. தெருவே பார்க்கக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் கூசாது?

பேக்கரிக்காரர்தான் வழி சொன்னார். "விடு. மைதா மூட்டை ஒண்ணு தர்றேன். அதைத் தூக்கட்டும். எதிர்த்துப் பேசாது."

முழு மூட்டை பிள்ளைகளால் ஆகவில்லை. பாதியைக் கொட்டிவிட்டுத் தூக்குப்படுக்கையில் வைத்துத் தூக்கினார்கள். பெண் அதன் மேல் கறுப்பு மையில் பெரிதாக 'அத்தை' என்று எழுதிவிட்டாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் பிள்ளைகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைத் தாண்டும்போது, உள்ளேயிருந்து அக்கா சவுண்டு கொடுப்பார். "மெதுவாடா, இடுப்பு வலிக்குது! ஏண்டி, தலைப்பக்கம் சாயுது பாரு, விழுந்தா யாரு மாவு அள்ளுறது?" பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மூட்டையைக் கீழே போட்டுவிடுவார்கள். ஒத்திகையை விட அதைப் பார்க்கத்தான் கூட்டம்.

பிறகு மேலிடத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்து பார்க்கப்போவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் ஆற்றோரத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இதே மாதிரி கருவி வைப்பார்களாம். டீச்சர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அலைந்தார். ஆபீசர் வந்து உட்கார்ந்ததும் கீழே நிற்கிற டீச்சர் போன் செய்வார், உடனே ஆய்வகத்தில் இருக்கும் பிள்ளைகள் சைரன் பொத்தானை அமுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்று நல்ல வெயில். தெருவில் எல்லாரும் இஸ்திரி போட்ட துணியில் இருந்தார்கள். நானே ஒரு வாரமாகத் தள்ளிப்போட்ட என் சொந்தச் சட்டைக்குப் பொத்தான் வைத்துப் போட்டிருந்தேன். அக்காவின் ஜன்னல் சாத்தியிருந்தது. வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் கழுத்தில் விசிலோடு தெருமுனையில் ஆபீசரின் ஜீப்புக்காகக் காத்திருந்தார்.

ஜீப் வரவில்லை. சைரன் ஊதியது.

"யாரு அமுக்குனது?" என்று டீச்சர் மாடியைப் பார்த்துக் கத்தினார். சைரன் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பேக்கரிக்காரர் வாசலுக்கு வந்து, "ஆபீசர் எங்க? இப்பதான் பன்னை உள்ள தள்ளினேன்" என்றார்.

"பிள்ளைங்க அவசரப்பட்டு அமுக்கிடுச்சுங்க போல."

"அப்போ நிறுத்தச் சொல்லு. அவர் வந்தப்புறம் இன்னொரு தடவை ஊதலாம்."

"இன்னொரு தடவை ஊதினா இவங்க வருவாங்களா? போர்வைக் கதையை எடுத்துடுவாங்க. ஆரம்பிச்சது ஆரம்பிச்சாச்சு, நடக்கட்டும். நீங்க அடுப்பை அணைச்சுட்டு வாங்க."

விசில் ஊதினார். தெரு கிளம்பியது. கல்யாணத்துக்குப் போவது போலத்தான் போனோம். யாரும் பெட்டி தூக்கவில்லை, பீரோவைத் திறக்கவில்லை. ஒத்திகைக்கு யார் நகையை எடுத்துக்கொண்டு போவார்கள்? கதவைச் சும்மா சாத்திவிட்டுப் பேசிக்கொண்டே படியேறினோம். பிள்ளைகள் நான்கு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைத் தாண்டினார்கள். உள்ளேயிருந்து சத்தம் இல்லை. சிரிக்க ஏதுமில்லாததால் அன்றுதான் மூட்டையை ஒரு தடவைகூடக் கீழே போடாமல் மேலே கொண்டுசேர்த்தார்கள்.

மாடியில் டீச்சர் வீடு வீடாகக் கூப்பிட்டுச் சரிபார்த்தார். எல்லாரும் கை தூக்கினோம். கடைசியில், "அத்தை?" என்றார்.

"உள்ளேன் டீச்சர்!" என்று மூட்டையைத் தூக்கியவர்கள் கத்த, எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் ஆய்வகப் பிள்ளைகள் வந்தார்கள். முகம் வெளிறியிருந்தது.

"டீச்சர், நாங்க அமுக்கல."

"பொய் சொல்லாதீங்க. திட்ட மாட்டேன்."

"சத்தியமா டீச்சர். உங்க போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம். அதுவா ஊதுச்சு. நீங்கதான் வேற எங்கயோ இருந்து ஊதவிட்டீங்கன்னு நினைச்சோம்."

டீச்சர் போனை எடுத்துப் பார்த்தார். ஜீப்புக்குக் காத்திருந்த பரபரப்பில் மஞ்சள் செய்தி வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. இப்போது சிவப்பு. "திரும்பவும் போர்வையா?" என்று யாரோ கேட்டார்கள். ஒருத்தர் கீழே போகலாம் என்றார். இன்னொருத்தர், ஆபீசர் வருகிறவரை இருந்துவிட்டுத்தான் போவோமே என்றார். வானத்தைப் பார்த்தால் வெயில். போனைப் பார்த்தால் சிவப்பு. எதை நம்புவது? பாடம் நடத்திய டீச்சரே இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மாவு மலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பன் கருகியிருக்குமா என்றுதான் யோசித்தேன்.

டீச்சர் ஆபீசருக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தார்.

"நான் எப்படிம்மா வர்றது?" என்றது அந்தக் குரல். "மேல் பாலத்துல ரோடு தெரியாம தண்ணி போகுது. மலைப்பக்கம் ராத்திரி பூரா மழையாம். வண்டியைத் திருப்பிட்டேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒத்திகையை நடத்திப் படம் எடுத்து அனுப்பிடுங்க."

அடுத்த நிமிஷம் எல்லாரும் மாடிச் சுவரோரம் போய் நின்றோம். கீழே தெருவில் முதலில் சாக்கடை வாய்களிலிருந்துதான் தண்ணீர் வந்தது. சத்தமே இல்லை. செம்மண் நிறத்தில் ஊறி, வீட்டு வாசல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது.

"நல்லவேளை, எல்லாரும் மேல வந்துட்டோம்," என்று நான்தான் சொன்னேன்.

பேக்கரிக்காரரின் பெண் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் அவள் எழுதிய எழுத்து. "அம்மா," என்றாள். கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

பேக்கரிக்காரர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. படிகளில் விழுந்து எழுந்து ஓடினார். டீச்சர் போனைப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு, மூட்டையைப் புரட்டித் தள்ளி, தூக்குப்படுக்கையை உருவினார். ஒரு முனையை நான் பிடித்தேன். பள்ளிக்கூட வாட்ச்மேன் எங்கள் பின்னால் ஓடிவந்தார். படி இறங்கும்போது தண்ணீர் முழங்காலில் இருந்தது. பேக்கரிக்குப் போய்ச் சேருவதற்குள் இடுப்புக்கு ஏறிவிட்டது. பன் தட்டுகள் எங்கள் மேல் மோதிக்கொண்டு போயின. "அக்கா! அக்கா!" என்று பேக்கரிக்காரர் அறைக் கதவை இடித்தார். தண்ணீர் உள்ளேயிருந்து அழுத்தியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். மனதுக்குள் அழக்கூட ஆரம்பித்துவிட்டேன். நாங்கள் மூன்று ஆண்களும் தோள் கொடுத்துக் கதவைத் திறந்தோம்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெத்தைக்கு மேல் தண்ணீர் நின்றது. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். அவர் மடித்து வைத்த கேக் பெட்டிகள் சுற்றிலும் மிதந்தன.

"அக்கா!" என்று பேக்கரிக்காரர் கதறினார்.

"கத்தாதடா," என்றார் அக்கா, ரகசியம் பேசுவது போல. பல் தந்தியடித்தது. பிறகு டீச்சரைப் பார்த்து இன்னும் குரலை இறக்கி, "ஆபீசர் போயிட்டாராம்மா?" என்று கேட்டார். "நான் மூச்சு விடல. நீ சொன்ன மாதிரி ஜன்னலைக்கூடத் திறக்கல."

டீச்சர் தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அப்போதுதான் சாத்தின ஜன்னல் விளங்கியது. ஆபீசர் முன்னால் பிள்ளைகள் சிரித்துக் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று, டீச்சர் காலையில் நயமாகத்தான் சொல்லியிருக்கிறார். இந்த மனுஷி கால் நனைந்தபோதும் கத்தவில்லை, மடி நனைந்தபோதும் கத்தவில்லை. தம்பி பெண்டாட்டியின் மானம் போய்விடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணி, அது நிஜத் தண்ணி அண்ணி," என்றார் டீச்சர். என்ன சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"தெரியுதும்மா. குளிருதுல்ல."

தூக்கினோம். பாதி மூட்டைக்கும் அந்த உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. தையல் தாங்கியது, எங்கள் கைதான் தாங்கவில்லை. வாசல் திருப்பத்தில் கழி நழுவி, அக்கா தண்ணீருக்குள் முழுசாக முங்கிவிட்டார். பேக்கரிக்காரர் முடியைப் பிடித்து மேலே இழுத்தார். படுக்கையை விட்டுவிட்டு, மார்பளவு தண்ணீரில் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டே போனோம். எப்படிப் படியேறினோம் என்று என்னைக் கேட்காதீர்கள். டீச்சர் வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்டாரா, வழி சொன்னாரா என்று கேட்டுப்பார்க்கும் நிலையில் நான் இல்லை.

மாடியில் அக்காவை வகுப்பறைப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தினார்கள். தெருவே சுற்றி நின்றது. யார் முகத்திலும் என்ன முகபாவம் வைத்துக்கொள்வது என்ற தெளிவில்லை. ஒத்திகை என்று நினைத்ததால்தான் ஒருவர்கூடப் பெட்டி கட்ட நிற்காமல் மேலே வந்து சேர்ந்தோம், பிழைத்தோம். ஒத்திகை என்று நினைத்ததால்தான் அக்காவை விட்டுவிட்டு வந்தோம். இதில் டீச்சரைக் கும்பிடுவதா, திட்டுவதா?

பெண் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏன் அத்தை கூப்பிடல? ஒரு சத்தம் போட்டிருந்தா எங்களுக்குக் கேட்டிருக்குமே."

அக்கா சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். "கண்ணு அசந்துட்டேன்டி," என்றார். "வெயிலுக்கு நல்ல தூக்கம்."

"இல்ல," என்றார் டீச்சர். வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரலை வரவழைக்கப் பார்த்தார், முடியவில்லை. "அத்தை தூங்கல. ஆபீசர் வர்றாரு, சத்தம் போடாம இருங்கன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்குங்க. நான்தான் சொன்னேன்."

பேக்கரிக்காரர் மனைவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு ஈரத் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மூட்டை யோசனை தன்னுடையது என்பது அவருக்கு உறைத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் கையிலிருந்த போன் அடித்தது. அவள் பதற்றத்தில் எதையோ அமுக்க, ஆபீசரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என்னம்மா, படம் வரலையே? ஒத்திகை நல்லபடியா முடிஞ்சுதா?"

டீச்சர் போனை வாங்கினார். காதில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இங்க குடும்மா," என்று அக்கா கையை நீட்டினார். டீச்சர் தயங்கினார். "குடுன்னா குடு. காலையிலேருந்து வாயைப் பொத்திக்கிட்டு இருந்தாச்சு." போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்து அதட்டுகிற அந்தப் பழைய குரலில் பேசினார்.

"ஐயா, வணக்கம். மூட்டை பேசுறேன்."

அந்தப் பக்கம் ஆபீசர், "யாரு? யாரும்மா?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பிள்ளைகள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"மூட்டைங்க. ஒத்திகை எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. என்னை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்க," என்றார் அக்கா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.